கருத்தரங்கும் கண்ணியமும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிப் பொறியியல் மாணவர்க்கென நடைபெற்ற அமர்வில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரை வழங்கிவிட்டுப் போவது எளிது. ஆனால் விழாக் குழுவினர் என்னை அழைத்தபோது, பொறியியல் பயிலும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும்படியாக ஏதேனும் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே பொறியியல் கருத்தரங்குகளின் தரத்தையும் நேர்மையையும் பற்றிப் பேச எண்ணுகிறேன். இது பேராசிரியர் வீட்டுச் சங்கதி, நமக்கு என்ன என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்கள் நினைக்கக்கூடும். அப்படியன்று. கருத்தரங்கக் கட்டணம் வேண்டி நம் கல்வி நிதிக்கு வரும் விண்ணப்பங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருவதாகச் செயலாளர் கூறினார். அந்த நிதி வானத்திலிருந்து விழுந்ததன்று. பொன்மலைப் பணிமனையில் இரும்போடு போராடியவர்களும், விடியுமுன் எழுந்து இந்த மாநகரத்தின் தெருக்களைத் துப்புரவு செய்தவர்களும் மாதந்தோறும் முடிந்துவைத்துக் கொடுத்த காசு அது. அது எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

கருத்தரங்கு என்பது யாது? ஒருவர் தாம் ஆராய்ந்து கண்டதை, அதே துறையில் தம்மினும் வல்லவர் முன்னிலையில் எடுத்துரைத்து, அவர்கள் தொடுக்கும் வினாக்களுக்கு விடையிறுக்கும் இடம். இவ்வளவுதான். பன்னீர் தெளிப்பதும், பொன்னாடை போர்த்துவதும், பதாகையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதும் பின்னால் வந்து சேர்ந்தவை.

1916-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள், நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசர் என்னும் மானுடவியல் அறிஞர் நடத்திய கருத்தரங்கில் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் எழுந்து, இந்தியாவில் சாதிகள் தோன்றிய முறையைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அவர் யார் என்பதை இந்த அவைக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அண்ணல் அம்பேத்கர் அன்று அந்த அறையில் பெற்றது சான்றிதழ் அன்று, கற்றவர்களின் செவி. அக்கட்டுரை மறு ஆண்டே 'இந்தியன் ஆண்டிகுவரி' என்னும் ஆராய்ச்சி இதழில் அச்சேறியது. நூறாண்டு கடந்தும் அதை ஆராய்ச்சியாளர்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவருடைய வாழ்க்கையிலேயே மற்றொரு செய்தியும் உண்டு. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ரூபாயின் சிக்கலைப் பற்றி அவர் 1922-இல் அளித்த ஆய்வேட்டைத் திருத்தி வரும்படி திருப்பி அனுப்பினார்கள். திருத்தினார், 1923-இல் மீண்டும் அளித்துப் பட்டம் பெற்றார். அது நூலாக வந்தபோது முன்னுரை எழுதிய பேராசிரியர் கேனன், நூலாசிரியரின் முடிவுகள் சிலவற்றில் தமக்கு உடன்பாடில்லை என்பதை அந்த முன்னுரையிலேயே எழுதினார். மாறுபட்ட கருத்துடையவரின் முன்னுரையோடு நூலை வெளியிடும் துணிவு ஒருபுறம், மாணவனோடு மாறுபட்டும் அவன் உழைப்பை மதிக்கும் பெருந்தன்மை மறுபுறம். இந்த இரண்டும் கூடுகிற இடத்தில்தான் உண்மையான கருத்தரங்கு நடக்கிறது.

இதையே நம் ஊர்க் கண்கொண்டு பார்ப்போம். திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை இருக்கிறது. 1975-இல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டது. அந்தத் தொழிற்சாலையையும், அதைச் சூழ்ந்த துணைத் தொழிற்கூடங்களையும் நம்பி வாழும் வெல்டர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கிறீர்கள். உயர் அழுத்தக் கொதிகலனின் குழாயில் கைவைக்க வேண்டுமென்றால், இந்தியக் கொதிகலன் விதிகளின்படி வெல்டர் முதலில் தேர்வில் தேறவேண்டும். தேறியவர் போட்ட இணைப்பையும் அப்படியே நம்பிவிடுவதில்லை. எக்ஸ்ரே படம் எடுத்து, உள்ளே காற்றுக்குமிழ் உண்டா, விரிசல் உண்டா என்று வேறொருவர் பார்க்கிறார். போட்டவரே பார்த்துக்கொள்வதில்லை, போட்டவரின் மைத்துனர் பார்ப்பதுமில்லை. குறை கண்டால் வெட்டியெடுத்து மறுபடியும் போடவேண்டும். அதற்காக எந்த வெல்டரும் மானம் போயிற்றென்று வருந்துவதில்லை. ஆய்வுக் கட்டுரையைத் துறையறிஞர் இருவரோ மூவரோ மதிப்பிடுவது என்பது இந்த எக்ஸ்ரேதான். அந்தப் படம் எடுக்காமலே 'தேறியது' என்று முத்திரை குத்தினால் என்ன ஆகும் என்பதை வெல்டரின் பிள்ளைக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

இப்படிப்பட்ட முத்திரை வாணிகம் எப்படித் தோன்றியது? குற்றம் பேராசை ஒன்றினுடையது மட்டுமன்று. விதிகளுக்கும் அதில் பங்குண்டு. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் பதவி உயர்வுக்குப் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. சர்வதேசக் கருத்தரங்கில் கட்டுரை படித்தால் அன்று பத்துப் புள்ளி கிடைத்தது. தேசியக் கருத்தரங்கென்றால் அதனினும் குறைவு. அதன் பிறகு நம் நாட்டுக் கல்லூரிகளில் நடந்த கூட்டங்களெல்லாம் ஒரே இரவில் சர்வதேசக் கூட்டங்கள் ஆகிவிட்டன! வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தால் போதும், அவரே அந்தச் சர்வதேசம். பின்னர் 2016-ஆம் ஆண்டு விதிகள், முனைவர் பட்ட மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேட்டை அளிப்பதற்கு முன் இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை படித்திருக்கவேண்டும் என்றன. நோக்கம் நல்லதே, ஆயின் ஆயிரமாயிரம் பேர் ஒரே கதவைத் தட்டும்போது, பக்கத்தில் பொய்க் கதவு வைத்துப் பணம் வாங்குவோர் தோன்றாமலா இருப்பார்கள்? 2022-இல் வந்த புதிய விதிகளில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. அதற்குள் கடைகள் வேரூன்றிவிட்டன.

இந்தக் கடைகளின் போக்கைக் கேளுங்கள். 2005-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன மாணவர் மூவர் ஒரு கணினி நிரலை எழுதினார்கள். அது இலக்கணம் பிசகாத, ஆனால் அணுவளவும் பொருளற்ற கணினியியல் கட்டுரைகளைத் தானே உற்பத்தி செய்யும். அதில் ஒன்றைப் புளோரிடாவில் நடைபெறவிருந்த ஒரு மாநாட்டுக்கு அனுப்பினார்கள். ஏற்கப்பட்டது! வேடிக்கையென்று உலகம் சிரித்து மறந்துவிட்டது. ஆனால் பிரான்சு நாட்டுக் கணினியறிஞர் சிரில் லாபே மறக்கவில்லை. அதே நிரலால் உற்பத்தியான குப்பைகளைத் தேடிப் பட்டியலிட்டார். 2014-இல் ஸ்பிரிங்கர், ஐ.இ.இ.இ. ஆகிய இரு பெரிய அமைப்புகள் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட கருத்தரங்கக் கட்டுரைகளைத் தம் தொகுதிகளிலிருந்து விலக்கிக்கொண்டன. கேலிக்காக எழுதிய நிரலைப் பலர் பிழைப்புக்காகப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்த ஐ.இ.இ.இ. அமைப்பே 2009 முதல் 2011 வரையிலான சில மாநாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. பெரிய பெயர் இருந்தால் ஐயமே வேண்டாம் என்று எண்ணுவோர் இதனை நினைவில் வைக்கவேண்டும்.

நம் நாடும் இதில் பின்தங்கவில்லை. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் என்னும் நிறுவனம் உலகெங்கும் இதழ்களும் மாநாடுகளும் நடத்தி வந்தது. புகழ்பெற்ற அறிஞர்கள் வருவதாக, அவர்கள் இசைவு தராமலே விளம்பரம் செய்தது என்பது அதன்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2016-இல் வழக்குத் தொடுத்தது. 2019-இல் அந்நாட்டு நீதிமன்றம் ஐந்து கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைச் செலுத்தும்படி தீர்ப்பளித்தது.

இனி நம் தமிழ்நாட்டுக்கே வருவோம். 2022-இல் இங்கிலாந்தின் இயற்பியல் கழகப் பதிப்பகம், 2021-ஆம் ஆண்டின் இரண்டு கருத்தரங்கத் தொகுதிகளிலிருந்து 350 கட்டுரைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றுள் ஒன்று கோயம்புத்தூரில் நடந்த கருத்தரங்கு. எப்படிப் பிடிபட்டது தெரியுமா? மேற்சொன்ன லாபேயும், கபனாக், மகசினோவ் என்னும் அவருடைய தோழர்களும் விந்தையான சொற்றொடர்களைத் தேடிச் சேர்த்து வந்தார்கள். ஒருவர் எழுதியதை அப்படியே படியெடுத்தால் கணினி காட்டிக்கொடுத்துவிடும். 2018-இல் வந்த மானியக் குழு விதிகளின்படி பத்து விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருந்தால் நடவடிக்கை. அறுபதைத் தாண்டினால் ஆய்வு மாணவரின் பதிவே இரத்து. எனவே திருடியதன் ஒவ்வொரு சொல்லுக்கும் வேறொரு சொல்லை மாற்றித்தரும் மென்பொருளில் போட்டு எடுத்தார்கள். அதற்குச் சொல் தெரியும், பொருள் தெரியாது. 'ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' ஆயிற்று: செயற்கை நுண்ணறிவு கள்ள உணர்வாகிவிட்டது. 'சிக்னல் டு நாய்ஸ்' என்பது 'ஃபிளாக் டு கிளாமர்' ஆகி, சைகைக்கும் இரைச்சலுக்குமான விகிதம் கொடிக்கும் கூச்சலுக்குமான விகிதமாயிற்று. மின்னணுவியல் படிக்கும் பிள்ளைகள் அங்கே சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: முதலாண்டு மாணவன் சிரிக்கும் பிழையை, மதிப்பிட்டோம் என்று கையெழுத்திட்டவர் ஒருவரும் காணவில்லை. ஆகவே ஒருவரும் படிக்கவில்லை.

இதில் நமக்கென்ன தனிக் கேடு? இட ஒதுக்கீட்டினால் தரம் தாழ்ந்தது என்ற பேச்சை நம் பாட்டனார் காலந்தொட்டுக் கேட்டு வருகிறோம். அந்த ஏழாயிரம் பதிவுகளும் எந்த இட ஒதுக்கீட்டின் வழியே உள்ளே வந்தன என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அது நிற்க. ஒரே போலிச் சான்றிதழ் இருவர் கையில் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். மாமன் மேலாளராக இருக்கிறவனுக்கு அது கோப்பில் கிடக்கும் ஒரு தாள். இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். நம் பிள்ளைக்கோ அந்தக் கோப்பு ஒன்றே முதல். நேர்முகத் தேர்வில் ஒரு தாளின்மீது ஐயம் எழுந்தால், அருகிலுள்ள ஒன்பது நேர்மையான தாள்களின்மீதும் அந்த ஐயம் படர்கிறது. அதோடு நிற்பதுமில்லை, அடுத்து வரும் நம் பிள்ளையின்மீதும் படர்கிறது. ஒருவன் செய்த பிழை அவனுடைய பிழையாகவே இருக்கும் சலுகை நமக்கு இன்னும் வாய்க்கவில்லை.

மற்றொன்று. பொறியியலில் பொய் தாளோடு முடிவதில்லை. திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் இந்த ஊரில் இதை நாம் கண்ணாரக் கண்டோம். 2018 ஆகஸ்டு மாத வெள்ளத்தில், முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் இருந்த நாற்பத்தைந்து மதகுகளில் ஒன்பது 22-ஆம் நாள் இரவு அடித்துச் செல்லப்பட்டன. அதே வெள்ளத்தில், 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. போக்குவரத்து 2016-இலேயே புதிய பாலத்துக்கு மாறிவிட்டமையால் உயிர்கள் தப்பின. ஆற்றுக்குள் நிற்கும் தூணின் அடியில் நீர் எவ்வளவு ஆழம் மணலைப் பறிக்கும் என்பது அமைப்பியல் பொறியாளரின் அன்றாடக் கணக்கு. அதைப் பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் கட்டுரை படிக்கிறார்கள். அவற்றுள் ஒன்றில் அளக்காத ஆழத்தை அளந்ததாக ஒருவர் எழுதிவிட்டு, புள்ளி பெற்றுப் போய்விடலாம். அந்த எண்ணை நம்பி நாளை ஓர் இளம் பொறியாளர் ஒரு தூணை வடிவமைத்தால், வெள்ளத்தன்று அதன்மேல் போகும் பேருந்தில் இருப்பவர் யார்? சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி வீடு திரும்பும் நம்மவர்தாமே!

இனி, எல்லாக் கருத்தரங்குகளும் போலி என்று கொண்டு வீட்டிலிருந்துவிடாதீர்கள். அது வேறொரு கேடு. 1964-இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றி 2003-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமான பெருநிறுவனம் நம் வாசலிலேயே இருக்கிறது. ஸ்ரீரங்கத்தின் பெயர் தாங்கிய அரசினர் பொறியியல் கல்லூரி 2013 முதல் இருக்கிறது. அது தீவுக்குள் இல்லை, சேதுராப்பட்டியில் இருக்கிறது. கோபுரத்தைத் தேடிப் போய் ஏமாந்த வெளியூர்ப் பெற்றோர் உண்டு. அதன் அருகிலேயே இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகமும் இருக்கிறது. இங்கெல்லாம் கருத்தரங்கு நடக்கும்போது கட்டுரை படிக்காவிட்டாலும் போய்க் கடைசி வரிசையில் அமருங்கள். நல்ல கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பதைக் காதால் கேளுங்கள். அது புத்தகத்தில் கிடைக்காது.

கருத்தரங்கு நல்லதா என்று எப்படி அறிவது? அழைப்பிதழில் குழு உறுப்பினராகப் போட்டிருக்கும் பேராசிரியருக்கு இரண்டு வரி எழுதி, தாங்கள் உண்மையில் அதில் இருக்கிறீர்களா என்று கேளுங்கள். பலர் வியப்போடு இல்லையென்று பதில் எழுதுவார்கள். சென்ற ஆண்டுத் தொகுதியை எடுத்து உங்களுக்குத் தெரிந்த பொருளில் ஒரு கட்டுரையைப் படித்துப் பாருங்கள். மண்ணியலும் மருத்துவமும் மேலாண்மையும் ஒரே அரங்கில் ஒரே நாளில் என்றால் அது சந்தை. எல்லாவற்றினும் மேலாக, எத்தனை பேரை மறுத்தார்கள் என்று கேளுங்கள். மறுக்கத் தெரியாதவர் ஏற்றுக்கொண்டதில் பெருமை இல்லை.

சென்ற ஆண்டு நம் சங்க மாணவி ஒருத்தி, முதுநிலைப் பொறியியல் பயில்பவள், தந்தை காந்தி சந்தையில் மூட்டை தூக்குபவர், கட்டணத்துக்கு நிதி வேண்டி விண்ணப்பத்தோடு என்னிடம் வந்தாள். கட்டுரை அனுப்பிய மூன்றாம் நாளே ஏற்புக் கடிதம் வந்துவிட்டது. கடிதத்தில் கட்டுரையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பணம் கட்டவேண்டிய வங்கிக் கணக்கு எண் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. அந்தப் பெண் மகிழ்ச்சியாக இல்லை. "ஐயா, மூன்றாவது படத்தில் அலகைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். கேட்பார்கள், திருத்தலாம் என்றிருந்தேன். அவர்கள் கேட்கவே இல்லையே?" என்றாள். யாரும் கற்பிக்காமல் அவளுக்கு அது தோன்றியது. நிதி தரவில்லை, அவளும் கேட்கவில்லை. படத்தைத் திருத்தி வேறொரு கருத்தரங்குக்கு அனுப்பினாள். இரண்டு பக்க ஆட்சேபணைகள் வந்தன. அவற்றுக்கு விடை எழுத அவளுக்கு ஆறு வாரம் பிடித்தது. பிறகு போய்ப் படித்துவிட்டு வந்தாள்.

இன்னொரு வகை அழுத்தத்தையும் சொல்லியாகவேண்டும், ஏனெனில் இதைப் பற்றி மாணவர்கள் வெளியில் பேச அஞ்சுகிறார்கள். உழைக்காதவர் பெயரைக் கட்டுரையில் சேர்க்கச் சொல்வார்கள். குறிப்பிட்ட சிலருடைய பழைய கட்டுரைகளை, தொடர்பில்லாவிட்டாலும், மேற்கோள் காட்டினால்தான் இடம் என்பார்கள். மேலிடத்தில் இருப்பவர் கேட்கும்போது இருபத்திரண்டு வயதுப் பிள்ளை என் செய்யும்? அண்ணல் அம்பேத்கருக்கே ஒரு மாநாட்டுக் குழு அப்படி நெருக்கடி தந்தது. 1936-இல் லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் நடத்தவிருந்த மாநாட்டுக்கு அவரைத் தலைவராக அழைத்தவர்கள், உரையை முன்கூட்டிப் பார்த்துவிட்டுச் சில பகுதிகளை நீக்கும்படி கேட்டார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற இயலாது என்று அவர் மறுத்தார். மாநாடே நின்றது. அவர் அந்த உரையைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். அதுவே சாதி ஒழிப்பைப் பற்றிய அந்தப் பெருநூல். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை தனியாக நின்று அவ்வாறு மறுக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது மேடையிலிருந்து சொல்ல எளிது. பிள்ளை தனியாக நிற்காதபடி பார்த்துக்கொள்வது சங்கத்தின் வேலை. அப்படி ஒரு கடிதம் வந்தால் எங்களிடம் கொண்டுவாருங்கள். துறைத்தலைவரிடம் சங்கத்தின் சார்பில் மூத்தவர் இருவர் சென்று பேசுவோம்.

நிதிக்குழுவின் முன் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறேன். கருத்தரங்கக் கட்டணத்துக்கு விண்ணப்பிப்பவர், ஏற்புக் கடிதத்தோடு மதிப்பீட்டாளரின் குறிப்புகளையும் இணைக்கவேண்டும். குறிப்பு இல்லையேல் நிதி இல்லை. அடுத்து, கட்டுரையை முதலில் நம் சங்கக் கூடத்திலேயே படிக்கவேண்டும். கேட்க யார் இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளர் இருவர், திருவெறும்பூர் வெல்டர்கள், பொதுப்பணித் துறையில் இருந்தவர் ஒருவர், கல்லூரி ஆசிரியர் மூவர், நான். தமிழில் விளக்குங்கள். கொள்ளிடத்து மணலைப் பற்றிப் படித்தால், எந்த மாதம், எந்த இடத்தில் அளந்தாய் என்று கரையிலே வளர்ந்தவர் கேட்பார். அவருக்கு விடை சொல்லிவிட்டால் வேறு எந்த அரங்கிலும் சொல்லலாம்.

முதற் கூட்டம் அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாமவருக்கு இடம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் தரலாம்.